கார்-டி செல் சிகிச்சை: வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய் வார்டின் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். இங்கே உள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய கோப்பைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கார்-டி, கார்-டின்னு சொல்றாங்களே, அது மருந்தா, ரத்தம் ஏத்துறதா, ஆபரேஷனா?

மருந்துதான், ஆனால் உயிருள்ள மருந்து. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல் என்ற வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்தி, பெருக்கி, மறுபடி அவருக்கே ஏற்றுகிறார்கள். அந்த மரபணு, செல்லின் மேற்பரப்பில் ஒரு செயற்கை ஏற்பியை முளைக்க வைக்கிறது. 'கைமெரிக் ஆன்டிஜென் ரிசெப்டர்' என்ற அதன் பெயரின் சுருக்கம்தான் கார். ஓட்டுகிற காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாத்திரை உள்ளே போனதும் குறைய ஆரம்பிக்கும். இது உள்ளே போனதும் பெருகும். நல்லதும் கெட்டதுமாகப் பின்னால் நடக்கிற எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு வித்தியாசம்தான்.

உடம்புல ஏற்கெனவே டி செல் இருக்கே. அது ஏன் இத்தனை நாள் சும்மா இருந்துச்சு?

சாதாரண டி செல் எதிரியை நேராகப் பார்ப்பதில்லை. மற்ற செல்கள் தம் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை எச்.எல்.ஏ. என்ற தட்டில் வைத்து வெளியே காட்டும். டி செல் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். பல புற்றுச்செல்கள் அந்தத் தட்டையே ஒளித்துவிடுகின்றன. கார் ஏற்பிக்குத் தட்டு தேவையில்லை. அதன் வெளிமுனை, கிருமியைப் பற்றும் ஆன்டிபாடி என்ற புரதத்திலிருந்து எடுத்த துண்டு என்பதால், செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தை நேராகப் பற்றிக்கொள்ளும்.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸெலிக் எஷ்ஹார் குழு 1980களின் இறுதியிலேயே இதைச் செய்து காட்டியது. அந்த முதல் தலைமுறை செல்கள் கொன்றன, ஆனால் சீக்கிரம் சோர்ந்து மறைந்தன. ஏற்பியின் உள்முனையில் சிடி28 அல்லது 4-1பிபி என்ற இரண்டாவது தூண்டலைச் சேர்த்த பிறகுதான் அவை உடலில் நிலைத்துப் பெருகின. இன்று புழக்கத்தில் இருப்பவை இந்த இரண்டாம் தலைமுறைதான்.

எந்தப் புற்றுநோய்க்கெல்லாம் தர்றாங்க? எங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அவங்களுக்கு ஆகுமா?

இன்றைய நிலையில், மார்பகப் புற்றுநோய்க்கு ஆய்வுக்கு வெளியே இல்லை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற கார்-டி எல்லாம் ரத்தம் சார்ந்தவை: பி-செல் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, பல வகை பி-செல் லிம்போமா, மல்டிபிள் மயலோமா. முதல் இரண்டுக்கும் குறி சிடி19 என்ற புரதம், மயலோமாவுக்கு பிசிஎம்ஏ.

சிடி19, ஆன்டிபாடி தயாரிக்கும் நல்ல பி செல்களிலும் இருக்கிறது. கார்-டி அவற்றையும் சேர்த்தே அழித்துவிடும். ஆனால் பி செல் இல்லாமல் ஒருவர் வாழ முடியும். குறையும் ஆன்டிபாடிகளை ஊசியாக ஈடுகட்டலாம். மார்பிலோ நுரையீரலிலோ உள்ள கட்டிக்கு இப்படி 'இழந்தாலும் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய குறி கிடைப்பது அபூர்வம். அமெரிக்காவில் ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த செல்களைப் பெற்ற ஒரு நோயாளி, ஏற்றிய சில நாட்களில் இறந்தார் என்று 2010இல் பதிவானது. நுரையீரலின் இயல்பான செல்களில் அந்தப் புரதம் மிகக் கொஞ்சமாக இருந்தது. அந்தக் கொஞ்சமே போதுமானதாகிவிட்டது.

குறி கிடைத்தாலும் வேறு தடைகள் உண்டு. கட்டிக்குள் நுழைய வேண்டும், டி செல்களை அடக்கும் உட்சூழலைத் தாங்க வேண்டும், குறிப் புரதம் இல்லாத செல்கள் தப்பிவிடக் கூடாது. திடக்கட்டிகளில் முதலில் ஒப்புதல் பெற்ற டி செல் சிகிச்சைகள் கார்-டி அல்ல: 2024இல் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு, கட்டிக்குள்ளிருந்தே எடுத்துப் பெருக்கிய டி செல்களும், சைனோவியல் சார்கோமாவுக்கு வேறு வகை ஏற்பி பொருத்திய டி செல்களும் வந்தன.

இது பி.எம்.டி.தானே? தம்பி செல் குடுத்தா ஆகாதா?

இல்லை. பி.எம்.டி. எனும் எலும்பு மஜ்ஜை மாற்றில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ஏற்றுகிறார்கள். இங்கே நோயாளியின் சொந்த டி செல்லே போதும், எச்.எல்.ஏ. பொருத்தம் பார்ப்பதில்லை. தம்பியின் டி செல்லை அப்படியே ஏற்றினால் அது அண்ணனின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கும்.

இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் உண்டு. குறிப்பாக லுக்கேமியாவில், கார்-டி மூலம் நோயை அடக்கிவிட்டு, உடல் தெம்பாக இருக்கும்போது மஜ்ஜை மாற்று செய்யச் சொல்வார்கள்.

செல் எடுக்கும்போது வலிக்குமா? எவ்வளவு ரத்தம் போகும்?

ரத்தம் போகாது, சுற்றி வரும். ஒரு குழாய் வழியே வெளியே எடுத்து, இயந்திரம் சுழற்றி வெள்ளணு அடுக்கை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை இன்னொரு குழாய் வழியே திருப்பி அனுப்பும். இதற்கு லூகாஃபெரிசிஸ் என்று பெயர். சாதாரணமாக 3 முதல் 5 மணி நேரம். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைக் கட்டிப்போடும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். கால்சியம் கொடுத்தால் சரியாகும். பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தால் தசை இழுப்பு வரை போகலாம்.

வலியைவிட முக்கியமான விஷயம் எடுக்கும் செல்லின் தரம். டி செல் போதுமான எண்ணிக்கையில் இல்லையென்றால் தயாரிப்பே தோற்கும். ஸ்டீராய்டு அவற்றைக் குறைக்கும் என்பதால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்துவார்கள். லிம்போமாவுக்குத் தரும் பெண்டமஸ்டின் என்ற கீமோ மருந்து டி செல்களைப் பல மாதங்களுக்கு நலிய வைக்கும். ஆகவே கார்-டி வேண்டியிருக்கலாம் என்ற எண்ணம் வந்தவுடனே, அடுத்த கீமோவைத் தொடங்கும் முன், கார்-டி செய்யும் மையத்தில் ஒரு கருத்து கேட்டுவிடுங்கள். 'எல்லாம் பார்த்துவிட்டு கடைசியில் பார்ப்போம்' என்று தள்ளிப்போட்டு வருபவர்களின் செல்கள், எடுக்கும்போதே களைத்துப்போயிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள்.

எடுத்த செல்லை லேப்ல என்னதான் பண்றாங்க? அதுக்கு ஏன் ஒரு மாசம்?

முதலில் டி செல்களைப் பிரிப்பார்கள். பிறகு சிடி3, சிடி28 ஆகியவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளால் அவற்றை உசுப்புவார்கள். உசுப்பாத செல்லுக்குள் மரபணு சரியாக ஏறாது. அடுத்து, மரபணுவைச் சுமந்த வைரஸ் வெக்டரைச் சேர்ப்பார்கள். பின்னர் வளர்ப்புப் பைகளில் ஒரு வாரம், பத்து நாள் பெருக்குவார்கள்.

அதோடு முடிந்துவிடாது. கிருமி, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் உண்டா, எத்தனை சதவீதச் செல்களில் கார் முளைத்திருக்கிறது, எத்தனை உயிரோடு இருக்கின்றன, ஒரு செல்லுக்குள் எத்தனை மரபணு நகல் நுழைந்திருக்கிறது, பெருகக்கூடிய வைரஸ் ஏதாவது உருவாகியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கிருமிப் பரிசோதனை மட்டுமே பல நாள் எடுக்கும். தேறிய செல்களை உறையவைத்து, திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே வைத்து அனுப்புவார்கள். எல்லாம் சேர்த்து மூன்று முதல் ஆறு வாரம் ஆகிவிடுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, மூடிய தானியங்கி இயந்திரத்தில் தன் வளாகத்திலேயே செல்களைத் தயாரித்து ஆய்வு நடத்தியது. அங்கே தயாரிப்பு சுமார் ஒன்பது நாளில் முடிந்தது.

ஹெச்.ஐ.வி. வைரஸை உடம்புல விடுறாங்களாமே, உண்மையா?

பாதி உண்மை, அதனால்தான் பயம் அடங்குவதில்லை. லென்டிவைரஸ் வெக்டர் ஹெச்.ஐ.வி.யின் குடும்பத்திலிருந்து வந்ததுதான். ஆனால் நோய் தரும் மரபணுக்களையும் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையானவற்றையும் நீக்கிவிட்டு, செல்லுக்குள் மரபணுவைச் செருகும் திறனை மட்டும் வைத்திருக்கிறார்கள். கூரியர் வண்டி மாதிரி, ஒருமுறை பொருளை இறக்கியதோடு அதன் வேலை முடிந்தது. மரபணு ஏறுவது வெளியே எடுத்த ரத்தச் செல்களில் மட்டும் என்பதால் பிறக்கும் குழந்தைக்குப் போகாது.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. கார்-டி பெற்றவருக்குச் சில வகை ஹெச்.ஐ.வி. நியூக்ளிக் அமிலப் பரிசோதனைகள் தவறாக 'பாசிட்டிவ்' காட்டலாம். பின்னாளில் வேறு ஊரில் ரத்தம் கொடுத்துப் பார்க்கும்போது வீட்டில் கலவரம் வேண்டாமென்றால், சிகிச்சை அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

அந்த ஒரு மாசம் நோய் சும்மா இருக்குமா?

இருக்காது. அதற்காகத்தான் இடைக்காலக் கீமோவோ கதிர்வீச்சோ கொடுக்கிறார்கள். நோயை ஒழிப்பது அதன் வேலையல்ல, பிடித்து வைப்பது. செல் ஏற்றும் நாளில் நோய்ச்சுமை எவ்வளவு குறைவோ, பின்விளைவும் அவ்வளவு குறைவு. சிலருக்கு இந்த இடைவெளியிலேயே நோய் முந்திவிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கீமோ வேண்டாம்னுதானே இதுக்கு வந்தோம், மறுபடி எதுக்கு கீமோ?

வயலில் நாற்று நடும் முன் களையெடுப்பதில்லையா, அதுபோல. உள்ளே ஏற்கெனவே இருக்கும் லிம்போசைட்டுகள், புதிய செல்களுக்கு வேண்டிய ஐஎல்-7, ஐஎல்-15 என்ற வளர்ச்சிப் பொருட்களைத் தின்றுவிடும். உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு ஃப்ளுடரபின் 30 மி.கி., சைக்ளோபாஸ்பமைட் 300 முதல் 500 மி.கி. என மூன்று நாள் கொடுப்பது பரவலான முறை. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி, அதன்பின் செல்.

சிறுநீரகம் சரியில்லாதவருக்கு ஃப்ளுடரபின் அளவைக் குறைக்காவிட்டால் நரம்புப் பாதிப்பு வரலாம். அந்த மருந்து பெற்றவருக்கு ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்ற வேண்டியிருந்தால், கதிர்வீச்சு செய்த பைதான் ஏற்ற வேண்டும். உள்ளூர் மருத்துவமனைக்கு இது தெரியாமலிருக்கலாம், சொல்லிவிடுங்கள்.

ஏத்துற அன்னிக்கு என்ன நடக்கும்? இவ்வளவு சின்னப் பைதானா?

ஆம், பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். படுக்கையருகே 37 டிகிரி நீரில் உருக்கி, அரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். பாரசிட்டமாலும் ஒவ்வாமை மருந்தும் முன்கூட்டியே தருவார்கள், ஸ்டீராய்டு தரமாட்டார்கள். வெள்ளணுவை வடிகட்டும் ஃபில்டர் போட்ட குழாயைத் தவறிப்போய் மாட்டினால் மருந்தே ஃபில்டரில் நின்றுவிடும், அதனால் செவிலியர் இருமுறை சரிபார்ப்பார்.

அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். யெஸ்கார்ட்டா என்ற அமெரிக்கத் தயாரிப்பில் கிலோவுக்கு 20 லட்சம் கார்-டி செல்கள், உச்சம் 20 கோடி. உறையவைக்கும்போது செல்களைக் காக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ காரணமாக அறையில் பூண்டு வாடை அடிக்கும். அது கெட்டுப்போன வாடை அல்ல.

மூணாவது நாள் காய்ச்சல் வந்துடுச்சு. செல் வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படலாமா?

வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம், கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். கிருமியோடு போராடும் நியூட்ரோபில் வெள்ளணு குறைந்திருக்கும் அந்த வாரத்தில் இரண்டையும் பார்த்தவுடன் பிரிக்க முடியாது. ஆகவே ரத்தக் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கிவிடுவார்கள்.

செல்கள் பெருகிக் கொல்லும்போது, செல்களுக்கிடையே செய்தி சொல்லும் சைட்டோகைன் என்ற புரதங்கள் கொட்டுகின்றன. இதைச் சைட்டோகைன் ரிலீஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக சி.ஆர்.எஸ். என்கிறார்கள். 38 டிகிரி செல்சியஸ் தாண்டிய காய்ச்சல் மட்டும் என்றால் முதல் நிலை. ரத்த அழுத்தம் இறங்கி சலைன் ஏற்றினாலே தேறினால், அல்லது மூக்குக் குழாயில் கொஞ்சம் ஆக்சிஜன் தேவைப்பட்டால் இரண்டாம் நிலை. அழுத்தத்தைத் தூக்க மருந்து வேண்டும், அதிவேக ஆக்சிஜன் வேண்டும் என்றால் மூன்று. பல மருந்துகளோ வெண்டிலேட்டரோ என்றால் நான்கு.

இதை அடக்கும் மருந்து டோசிலிசுமாப். கிலோவுக்கு 8 மி.கி., ஒரு தடவைக்கு 800 மி.கி.க்கு மேல் போகாது. 30 கிலோவுக்குக் கீழான குழந்தைக்குக் கிலோவுக்கு 12 மி.கி. தேவைப்பட்டால் 8 மணி நேரம் கழித்து மறுபடி. மூட்டுவாதத்துக்கு இருந்த இந்த மருந்து இங்கே வந்தது 2012இல். ஃபிலடெல்ஃபியாவில் முதல் குழந்தை நோயாளியான எமிலி வொயிட்ஹெட் சி.ஆர்.எஸ். முற்றிச் சாவின் விளிம்பில் இருந்தபோது, ஐஎல்-6 என்ற சைட்டோகைனின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருப்பதைக் கண்டு, அதைத் தடுக்கும் இதைக் கொடுத்தார்கள். சிறுமி பிழைத்தாள், சிகிச்சை முறையும் பிழைத்தது. செல் ஏற்றும் முன்பே இந்த மருந்து வார்டு ஃபிரிட்ஜில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

காய்ச்சல் போயிடுச்சு, ஆனா அப்பா பேச்சு குழறுது, கையெழுத்து கோணுது. ஸ்ட்ரோக்கா?

உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள், காலையில் ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இது ஐகான்ஸ் என்ற நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் வாரத்தில், சி.ஆர்.எஸ். தணியும்போதோ தணிந்த பிறகோ வரும். தினமும் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைப்பார்கள்: ஆண்டு, மாதம், ஊர், மருத்துவமனை சொல்ல 4, மூன்று பொருளின் பெயருக்கு 3, சொன்னதைச் செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ண 1. அதைத் தமிழிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறுபவரை ஆங்கிலத்தில் கேட்டால் மதிப்பெண் பொய்யாகக் குறையும்.

செல் ஏற்றும் முன் எழுதிய ஒரு வாக்கியத்தைப் பத்திரமாக வையுங்கள். எழுத்துக் கோணுவது பலருக்கு முதல் அறிகுறி. டோசிலிசுமாப் மூளைக்குள் சரியாகப் போகாது, எனவே இங்கே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான். பெரும்பாலோருக்கு நாட்களில் முழுமையாகத் தெளிந்துவிடும்.

சரி, எத்தனை சதவீதம் குணமாகும்?

'சரியாவது' வேறு, 'சரியாகவே இருப்பது' வேறு. குழந்தைகள், இளைஞர்களின் லுக்கேமியாவுக்கான கிம்ரியா என்ற கார்-டி தயாரிப்பின் ஆய்வில் மூன்று மாதத்துக்குள் 81 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது. ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் பாதி. பலமுறை கீமோ தோற்ற லிம்போமாவில் யெஸ்கார்ட்டா ஆய்வில் 82 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது; ஐந்தாண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் சுமார் 43 சதவீதம். அந்த நோயாளிகளுக்கு வேறு வழி ஏறக்குறைய இல்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய எண். 2010இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற முதல் நோயாளிகளில் இருவருக்கு, பத்தாண்டு தாண்டியும் அந்தச் செல்கள் ரத்தத்தில் இருந்தன.

இந்தியாவில் கிடைக்குதா? எவ்வளவு ஆகும்?

கிடைக்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் உருவாக்கி, இம்யூனோஆக்ட் தயாரிக்கும் நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் திரும்பி வந்த பி-செல் லிம்போமா, லுக்கேமியாவுக்கு. அதன் ஆய்வில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. 2025இல் பெங்களூரின் இம்யூனீல் நிறுவனம், பார்சிலோனாவில் உருவான தயாரிப்பை கார்டெமி என்ற பெயரில் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் 2017இல் கிம்ரியாவின் பட்டியல் விலை 4,75,000 டாலர். இங்கே செல் பைக்கு 40 லட்ச ரூபாய் அளவில். ஆனால் அது பைக்கு மட்டும். இடைக்காலக் கீமோ, ஐ.சி.யு., டோசிலிசுமாப், பின்னால் வரும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடி ஊசி, ஒரு மாத வாடகை வீடு எல்லாம் தனி. தயாரிப்பு தோற்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு எவ்வளவு நாள் ஜாக்கிரதையா இருக்கணும்?

செல் ஏற்றியபின் பல வாரங்கள் மருத்துவமனையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் தங்கச் சொல்வார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்ற தடை அமெரிக்காவில் எட்டு வாரமாக இருந்தது. 2025இல் இரண்டு வாரமாகக் குறைத்தார்கள். உங்கள் மையம் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

ரத்த அணுக்கள் ஒரு மாதம் கழித்து மறுபடி இறங்கலாம். நாம் முன்பே சொன்ன பி செல் இழப்பால் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி குறைந்து அடிக்கடி சளி, நிமோனியா வந்தால் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும், 400 மி.கி./டெ.லி.க்குக் கீழே போவது வழக்கமான எல்லைக்கோடு. ஹெபடைட்டிஸ் பி முன்பு வந்துபோனவருக்கு அது மறுபடி கிளம்பலாம், அதற்கான மாத்திரையை நிறுத்தாதீர்கள். உயிருள்ள தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும்வரை போடக் கூடாது.

புற்றுநோய்க்குக் குடுத்த மருந்தே புற்றுநோய் தருமாமே?

அரிதாக. மரபணு தவறான இடத்தில் செருகிக்கொண்டால் டி செல்லே புற்றாகலாம் என்ற கவலை ஆரம்பத்திலிருந்தே உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 இறுதிவரை 27,000க்கு மேற்பட்ட சிகிச்சைகளில் 22 டி-செல் புற்றுகளைப் பதிவுசெய்து, 2024இல் எச்சரிக்கையைச் சேர்த்தது. எல்லாவற்றுக்கும் கார் மரபணுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. இவர்கள் ஏற்கெனவே நிறையக் கீமோ வாங்கியவர்கள். இப்போதைக்கு, கையில் இருக்கும் நோயின் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரிது. ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்கு வரச் சொல்வது இதற்காகத்தான்.

மறுபடி வந்துட்டா இன்னொரு பை ஏத்தலாமா?

ஏன் வந்தது என்று பார்த்துத்தான். கார்-டி செல்கள் மறைந்துபோய், நோயில் சிடி19 இன்னும் இருந்தால் மீண்டும் ஏற்றிப் பார்ப்பதற்கு இடம் உண்டு; ஆனால் முதல் முறை அளவுக்குப் பலன் எதிர்பார்க்கக் கூடாது. நோய்ச்செல் சிடி19-ஐயே கழற்றி எறிந்திருந்தால் அதே மருந்து குருடாகிவிடும். அப்போது சிடி22 போன்ற வேறு குறி, அல்லது மஜ்ஜை மாற்று. அதனால்தான் திரும்பிய நோயில் மறுபடி பயாப்ஸி கேட்கிறார்கள். 'போன தடவைதான் எடுத்தோமே' என்று மறுக்காதீர்கள்.

நோய் திரும்பும் மூன்றாவது வழி ஒன்றை, ஒரே ஒரு நோயாளியில் 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. தயாரிப்பின்போது டி செல்களோடு கலந்திருந்த ஒரே ஒரு லுக்கேமியா செல்லுக்குள் கார் மரபணு ஏறிவிட்டது. அந்தக் கார் தன் செல்லின் சிடி19-ஐத் தானே பற்றி மறைத்துக்கொள்ள, வேட்டைச் செல்களுக்கு அது தென்படவே இல்லை. சுமார் ஒன்பது மாதம் கழித்து நோய் முழுக்க அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகளாகத் திரும்பி வந்தது.